"வெறும் புகைச்சல்தான்" – லண்டன் மரப்படிக்கட்டுகளின் கதை



இந்த வாரப் பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு இதைப் படிக்க உட்காராதீர்கள். ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் புரியும்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் லண்டனிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினான். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான், அதனால் வேண்டாம். சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் எஸ்கலேட்டரைச் சுற்றிப் பலகை அடைத்திருக்கிறார்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியது வைக்கப்போகிறார்களாம், முடியப் பல மாதங்கள் ஆகும் என்று அறிவிப்பு வேறு. கீழே அவன் எழுதியிருந்தான்: "டீச்சர், நம்ம ஊர்ல இதுக்குள்ள ஒரு கல்யாண மண்டபமே கட்டி முடிச்சிருப்பாங்க. ஒரு படிக்கட்டை மாத்த இத்தனை மாசமா?"

"அந்தப் பலகையைப் பார்த்துக் கோபப்படாதேப்பா. அதற்குப் பின்னால் 31 உயிர்கள் இருக்கின்றன" என்று பதில் போட்டேன். "புரியல டீச்சர்" என்றான். போனில் தட்டினால் விரல் வலிக்கும், ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதோ எழுதிவிட்டேன்.

முதலில் இந்த நகரும் படிக்கட்டு எப்படி வந்தது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் ஜெஸ்ஸி ரீனோ என்ற பொறியாளர் 1892-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1896-இல் நியூயார்க்கின் கோனி தீவுப் பொழுதுபோக்குத் திடலில் அதை ஒரு வேடிக்கைப் பொருளாக ஓடவிட்டார். அது படிக்கட்டு மாதிரி இருக்காது. சாய்ந்த பட்டை ஒன்று மேலே இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். 1898-இல் லண்டனின் ஹாரட்ஸ் கடையிலும் அதைப் போன்ற ஒன்றை வைத்தார்கள். ஏறி வந்த வாடிக்கையாளர்களுக்குப் படபடப்பு தணிய மேலே பிராந்தியும் முகரும் உப்பும் கொடுத்தார்களாம்! நம் வீட்டுப் பெரியவர்கள் முதன்முதலில் எஸ்கலேட்டரில் கால் வைக்கத் தயங்கியதைப் பார்த்துச் சிரித்த பேரப்பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிபடியாக நகரும் வகைக்கு "எஸ்கலேட்டர்" என்று பெயர் வைத்தவர் சார்லஸ் சீபர்கர். ஓட்டிஸ் கம்பெனியோடு சேர்ந்து 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அதைக் காட்டினார்கள். லண்டன் சுரங்க ரயிலுக்கு முதல் எஸ்கலேட்டர் வந்தது 1911 அக்டோபர் 4 அன்று, ஏர்ல்ஸ் கோர்ட் நிலையத்தில். ஒரு காலை இழந்த ஒருவரை அதில் ஏற்றி இறக்கி, "பாருங்கள், இவரே போகிறார், நீங்கள் பயப்படலாமா?" என்று சனங்களுக்குத் தைரியம் கொடுத்தார்கள் என்ற கதை இன்றுவரை சொல்லப்படுகிறது.

அதற்குப் பிறகு லண்டனில் எஸ்கலேட்டர்கள் பெருகின. காரணம் எளிது. சுரங்க ரயில் ஆழத்தில் ஓடுகிறது. லிஃப்ட் என்றால் ஒரு கூட்டம் ஏறும்வரை அடுத்த கூட்டம் காத்திருக்க வேண்டும். எஸ்கலேட்டருக்குக் காத்திருப்பே கிடையாது. ஆறு ஓடுவதுபோல ஆட்கள் போய்க்கொண்டே இருக்கலாம்.

இப்போது அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். பின்னால் தேவைப்படும்.

சைக்கிள் செயினை நினைத்துக்கொள்ளுங்கள். அதுபோல இரண்டு பக்கமும் இரண்டு பெரிய சங்கிலிகள். அவற்றில் படிகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு படிக்கும் அடியில் சக்கரங்கள். அவை தண்டவாளம் போன்ற பாதையில் உருளும். மேலே ஒரு அறையில் மோட்டாரும் பல்சக்கரங்களும். உச்சிக்குப் போன படி மடங்கி, தலைகீழாக அடிப்பக்கம் வழியாக இறங்கி, மறுபடி கீழே வந்து முளைக்கும். நாம் பார்ப்பது பாதிதான். மறு பாதி நம் காலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் உராயாமல் ஓட கிரீஸ் வேண்டும். நகரும் படிக்கும் நகராத பக்கப் பலகைக்கும் நடுவில் ஒரு சின்ன இடுக்கு இருந்தே தீரும். ஒட்டி வைத்தால் உரசும். அந்த இடுக்கு வழியாக என்னென்ன விழும்? துணி நூல், தலைமுடி, டிக்கெட் துண்டு, மிட்டாய்க் காகிதம், தூசி. எல்லாம் போய் அந்தக் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் விட்ட திரி மாதிரி.

இன்னொரு விஷயம். லண்டனின் பழைய எஸ்கலேட்டர்களில் படிகளின் மேல்தளமும் பக்கப் பலகைகளும் மரத்தால் ஆனவை. அந்தக் காலத்தில் அது தவறாகப் படவில்லை. வார்னிஷ் பூசிய மரம் பார்க்க அழகாக இருந்தது. ஒரு சட்டம் தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். நல்ல வேலைப்பாடு. ஐம்பது, அறுபது வருடம் உழைத்தவையும் உண்டு. "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்ற கேள்வி அங்கேயும் இருந்திருக்கும்தானே!

மரம், கிரீஸ், தூசி. இனி ஒரு தீக்குச்சிதான் பாக்கி.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் வருகிறது. அந்த எஸ்கலேட்டர்களில் தீப்பிடிப்பது புதிதல்ல. பல வருடங்களாக அவ்வப்போது அடியில் பிடிக்கும், புகையும், ஊழியர்கள் அணைப்பார்கள், அல்லது தானாகவே அணையும். எஸ்கலேட்டர் தீயில் யாரும் சாகவில்லை. அதனால் நிர்வாகத்தில் அதற்கு ஒரு செல்லப்பெயர் வந்துவிட்டது. "தீ" என்று சொல்வதில்லை. "புகைச்சல்" என்றுதான் சொல்வார்கள்.

ஒரு சொல்தானே, அதில் என்ன என்று நினைக்காதீர்கள். "தீ" என்றால் மணி அடிக்க வேண்டும், ஆட்களை வெளியேற்ற வேண்டும், தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும், மறுநாள் விசாரிக்க வேண்டும். "புகைச்சல்" என்றால் ஒரு ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும். சொல்லைச் சின்னதாக்கினால் செய்ய வேண்டிய வேலையும் சின்னதாகிவிடுகிறது.

எச்சரிக்கை வராமலும் இல்லை. 1984 நவம்பரில் ஆக்ஸ்ஃபர்ட் சர்க்கஸ் நிலையத்தில் பெரிய தீ விபத்து நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அந்த வருடம் ஜூலையிலேயே ரயில் பெட்டிகளுக்குள் புகைபிடிக்கத் தடை போட்டிருந்தார்கள். அந்தத் தீக்குப் பிறகு, 1985 பிப்ரவரியில், பூமிக்கு அடியில் உள்ள நிலையப் பகுதிகள் எல்லாவற்றிலும் தடை வந்தது. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே! ரயிலில் அடக்கிக்கொண்டு வந்தவர்கள், வெளியே போகும் வழியில் எஸ்கலேட்டரில் நின்றபடியே சிகரெட்டைப் பற்றவைத்தார்கள். தடையைக் கண்டிப்பாக அமல்படுத்த ஆள் இல்லை. பற்றவைத்த குச்சி எங்கே விழும்? காலடியில்தான். காலடியில் என்ன இருந்தது என்று மேலே சொன்னேன்.

1987 நவம்பர் 18, புதன்கிழமை. கிங்ஸ் கிராஸ் நிலையம்.

பல சுரங்க ரயில் பாதைகள் ஒன்றுசேரும் இடம் அது. மேலே பெரிய ரயில் நிலையம். நம் சென்னை சென்ட்ரலை நினைத்துக்கொள்ளுங்கள். பிக்கடிலி பாதைக்குப் போகும் மூன்று எஸ்கலேட்டர்கள் 1939-இல் வைத்தவை. அவற்றில் நான்காம் எண் கொண்ட எஸ்கலேட்டரின் அடியில் வெளிச்சம் தெரிகிறது என்று மாலை ஏழரை மணி வாக்கில் ஒரு பயணி வந்து சொன்னார்.

அடுத்த 15 நிமிடங்களில் நடந்ததைப் படிக்கும்போது இன்றும் மனசு அடித்துக்கொள்ளும்.

போய்ப் பார்த்த போலீஸ்காரரின் வயர்லெஸ் சுரங்கத்துக்குள் வேலை செய்யவில்லை. அவர் மேலே ஓடிவந்துதான் தீயணைப்புப் படைக்குத் தகவல் சொல்ல முடிந்தது. எஸ்கலேட்டருக்கு அடியிலேயே தண்ணீரைப் பனிபோலத் தெளித்துத் தீயை அணைக்கும் அமைப்பு ஒன்று இருந்தது. குழாயைத் திறந்தால் போதும். திறக்கப் பழக்கப்பட்ட ஆள் அங்கே இல்லை, யாரும் திறக்கவில்லை. கீழே இருந்த பயணிகளைப் பக்கத்து விக்டோரியா பாதை எஸ்கலேட்டர் வழியாக மேலே அனுப்பினார்கள். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினார்கள். ஆனால் எல்லா எஸ்கலேட்டர்களும் போய்ச் சேர்ந்தது மேலே இருந்த அதே டிக்கெட் கூடத்தில்தான். இதற்கிடையில் ரயில்கள் வந்து ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டும் இருந்தன.

7.42 வாக்கில் தீயணைப்பு வீரர்கள் வந்துவிட்டார்கள். அப்போது அவர்கள் பார்த்த தீ ஒரு பெரிய அட்டைப்பெட்டி அளவுதான். இது சமாளிக்கக்கூடியது என்றுதான் யாருக்கும் தோன்றும். 7.45-க்கு, ஒரே நொடியில், அந்தத் தீ எஸ்கலேட்டர் வழியாகப் பாய்ந்து மேலே இருந்த டிக்கெட் கூடத்தை நிரப்பியது. கரும்புகையில் கதவு எது சுவர் எது என்று தெரியவில்லை.

31 பேர் இறந்தார்கள். சுமார் 100 பேருக்குக் காயம். நள்ளிரவு தாண்டி ஒன்றேமுக்கால் மணிக்குத்தான் தீ முழுமையாக அணைந்தது.

இறந்தவர்களில் ஒருவர் சோஹோ தீயணைப்பு நிலையத்தின் அதிகாரி காலின் டவுன்ஸ்லி. முதலில் வந்த வண்டிகளில் வந்தவர். சுவாசக் கருவி அணிந்திருக்கவில்லை. தீக்காயம்பட்ட ஒரு பயணியின் அருகில்தான் அவர் உடல் கிடந்தது. அவரைக் காப்பாற்ற நின்றிருக்கிறார். பிறகு அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். இன்னொருவரின் உடலை யாரும் அடையாளம் சொல்லவில்லை. பிணவறையில் போட்ட 115 என்ற எண்ணே பல வருடங்கள் அவருக்குப் பெயராக இருந்தது. 2004-இல்தான் அவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த 73 வயது முதியவர் என்று தெரிந்தது. பதினாறு வருடம் ஒரு குடும்பம் அப்பா எங்கே என்று தெரியாமல் இருந்திருக்கிறது.

சரி, அட்டைப்பெட்டி அளவு தீ எப்படி நொடியில் அப்படிப் பாய்ந்தது? விஞ்ஞானிகளுக்கே புரியவில்லை. டெஸ்மண்ட் ஃபென்னல் என்ற சட்ட வல்லுநர் தலைமையில் அரசு விசாரணை நடந்தது. ஹார்வெல் ஆராய்ச்சி நிலையத்தில் கம்ப்யூட்டரில் அந்தத் தீயை மறுபடி நடத்திப் பார்த்தார்கள். திரையில் தெரிந்த தீ நிமிர்ந்து எரியவில்லை. படிகளோடு படிகளாகப் படுத்துக்கொண்டு மேல்நோக்கி ஓடியது! கணக்கில்தான் எங்கோ பிழை என்று முதலில் பலர் நம்பவில்லை. பிறகு பக்ஸ்டன் என்ற ஊரில் மூன்றில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரி எஸ்கலேட்டரைக் கட்டி, கொளுத்திப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் சொன்னபடியே தீ படுத்து ஓடியது.

மலையடிவாரத்து ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். சமவெளியில் மெதுவாகப் போகும் தீ, மலைச்சரிவில் ஏறும்போது ஓட்டம் பிடிக்கும். மேலே இருப்பதை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டே போகும். எஸ்கலேட்டர் 30 டிகிரி சரிவு. இரண்டு பக்கமும் பலகைச் சுவர். வாய்க்கால் மாதிரி. அந்த வாய்க்காலுக்குள் தீ படுத்துக்கொண்டு, மேலே உள்ள மரப்படிகளை எல்லாம் சூடாக்கி, ஒரே நேரத்தில் பற்றவைத்துவிட்டது. இதற்கு "அகழி விளைவு" என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன் உலகத்தில் யாருக்கும் இது சரியாகத் தெரியாது.

இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. தெரியாதது தெரியாததுதான். ஆனால் விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த எஸ்கலேட்டர்களின் அடிப்பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, பக்கப் பலகையில் பல இடங்களில் பழைய கருகல் அடையாளங்கள். பாதையில் எரிந்த தீக்குச்சிகள். அதாவது, இதே இடத்தில் இதே மாதிரி தீ முன்பே பலமுறை பிடித்து, தானாக அணைந்திருக்கிறது. கிங்ஸ் கிராஸ் அந்த மாலைக்கு முன்பே பலமுறை எச்சரித்திருக்கிறது. குனிந்து பார்த்தவர்தான் யாரும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் வருடக்கணக்கில் முழுமையாகச் சுத்தம் செய்யப்படாமல் படிந்திருந்தன.

1988 நவம்பரில் ஃபென்னல் அறிக்கை வந்தது. மொத்தம் 157 பரிந்துரைகள். பழைய அமைப்பில் தீ பிடிக்கத்தான் செய்யும் என்று நிர்வாகம் பழகிப்போனதையும், "புகைச்சல்" என்ற அந்தச் சொல்லையும் அறிக்கை சாடியது. லண்டன் போக்குவரத்து அமைப்பின் தலைவரும் சுரங்க ரயிலின் தலைவரும் பதவி விலகினார்கள். 1989-இல் சுரங்க நிலையங்களுக்கென்றே தனித் தீத்தடுப்பு விதிமுறைகள் வந்தன. எஸ்கலேட்டரின் மரப் பலகைகளை எடுப்பது, அடியில் வெப்பம் உணரும் கருவிகளும் தண்ணீர் தெளிப்பான்களும் வைப்பது, ஊழியர்களுக்குப் பயிற்சி, சுரங்கத்துக்குள் வேலை செய்யும் வயர்லெஸ் என்று ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தார்கள். புகைபிடிக்கும் தடையை மட்டும் தீ நடந்த ஐந்தாம் நாளே நிலையங்கள் முழுவதற்கும் போட்டுவிட்டார்கள். காகிதத்தில் தடை போட ஐந்து நாள் போதும். படிக்கட்டை மாற்ற?

இப்போது என் மாணவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

கிங்ஸ் கிராஸில் எரிந்த அந்த மூன்று எஸ்கலேட்டர்களையும் முழுதாக மாற்றினார்கள். புதியவை ஓட ஆரம்பித்த நாள் 1989 பிப்ரவரி 27. கணக்குப் போடுங்கள் பிள்ளைகளே, 15 மாதங்களுக்கு மேல்! உலகமே பார்த்துக்கொண்டிருந்த இடம் அது. அவசரமில்லை என்று யாரும் சும்மா இருந்திருக்க முடியாது. அப்படியும் அவ்வளவு காலம் ஆனது.

ஏன்? ஒரு மாலில் எஸ்கலேட்டர் வைப்பது வேறு. கட்டடம் கட்டும்போதே, கூரை மூடுவதற்கு முன், தொழிற்சாலையில் பொருத்திய எஸ்கலேட்டரை லாரியில் கொண்டுவந்து கிரேனில் தூக்கி வைத்துவிடலாம். இரண்டு மாடிக்கு நடுவில்தானே. ஆழ்சுரங்க நிலையத்தின் எஸ்கலேட்டர் அப்படியில்லை. நீளமும் அதிகம், எடையும் அதிகம். விடியற்காலை முதல் நள்ளிரவு வரை கூட்டத்தைச் சுமக்க வேண்டும் என்பதால் சங்கிலி, சக்கரம், மோட்டார் எல்லாமே கனமானவை. அது இருப்பதோ பூமிக்கு அடியில், அதன் அளவுக்கே குடைந்த ஒரு சாய்ந்த குழாய்க்குள். அங்கே கிரேன் நுழையாது. உள்ளே போகும் வழி பயணிகள் நடக்கும் அதே வழிதான். அதனால் பழையதைத் துண்டு துண்டாகக் கழற்றி வெளியே எடுக்க வேண்டும். புதியதையும் துண்டு துண்டாகக் கொண்டுபோய் அங்கேயே கோக்க வேண்டும். வீட்டு வாசலுக்குள் நுழையாத பீரோவைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்ப் பூட்டுவோமே, அதுபோல. பீரோவுக்குப் பதில் பல டன் இரும்பு.

சரி, நிலையத்தையே மூடிவிட்டு வேலை செய்யலாமே? அதுவும் எளிதல்ல. கிங்ஸ் கிராஸில் அந்த 15 மாதமும் நடந்ததைக் கேளுங்கள். பிக்கடிலி பாதைக்குப் போகிறவர்கள் விக்டோரியா பாதை வழியாகவும் வேறு வழியாகவும் சுற்றிப் போக வேண்டியிருந்தது. கூட்ட நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே விட்டார்கள். நார்தர்ன் பாதையின் எஸ்கலேட்டர்கள் பிக்கடிலி பாதையோடுதான் இணைந்திருந்தன. எல்லோரும் விக்டோரியா எஸ்கலேட்டரில் ஏறினால் நெரிசலாகிவிடும். அதனால் வேலை முடியும்வரை நார்தர்ன் பாதை ரயில்கள் கிங்ஸ் கிராஸில் நிற்காமலே போயின. மூன்று படிக்கட்டுகள் இல்லாமல் போனதால் ஒரு ரயில் பாதையே அந்த நிலையத்தில் நிற்க முடியவில்லை!

ஆகவே ஓடுகிற நிலையத்தில் ஒரு நேரத்தில் ஒரு எஸ்கலேட்டரை மட்டும் பலகை அடைத்துப் பிரிக்கிறார்கள். சத்தமும் தூசியும் வரும் வேலைகளையும், கனமான பாகங்களை நகர்த்தும் வேலைகளையும் கடைசி ரயில் போனபின் தொடங்கி முதல் ரயில் வருவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு ராத்திரிக்குச் சில மணி நேரம்தான் கிடைக்கும். விடிவதற்குள் கூட்டிப் பெருக்கி, பயணிகளுக்கு வழிவிட்டாக வேண்டும். லண்டன் சுரங்க ரயிலில் 400-க்கும் மேற்பட்ட எஸ்கலேட்டர்கள். வருடத்துக்குச் சிலவற்றைத்தான் மாற்ற முடியும். ஒரு முனையில் முடிப்பதற்குள் மறுமுனையில் இருப்பது பழையதாகிவிடும். இந்த வேலைக்கு முடிவே கிடையாது. உன் நிலையத்தில் நடப்பது அந்த வரிசையில் ஒன்றுதான் தம்பி.

சரி, மரப்படிகள் எல்லாம் எப்போது ஒழிந்தன? இதைப் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆழ்நிலையங்களில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். சில இடங்களில் 2000-த்துக்குப் பிறகும் மரப்படிகள் ஓடிக்கொண்டிருந்தன. கடைசி மர எஸ்கலேட்டர் நின்றது 2014 மார்ச் 10 அன்று. கிரீன்ஃபோர்ட் என்ற நிலையத்தில். தீ நடந்து 26 வருடங்களுக்குப் பிறகு!

கிரீன்ஃபோர்ட் ஒரு விசித்திரமான நிலையம். அங்கே பிளாட்பாரம் பூமிக்கு அடியில் இல்லை, தெருவை விட உயரத்தில் இருக்கிறது. எஸ்கலேட்டர் தெருவிலிருந்து மேலே ரயிலுக்குக் கூட்டிப்போகும். சுரங்கத்துக்குள் இல்லாததால்தான் சுரங்க நிலையங்களுக்கான அந்தக் கடும் விதிகள் அதைத் தொடவில்லை. அதை எடுத்துவிட்டு அங்கே வைத்தது இன்னொரு எஸ்கலேட்டர் அல்ல. 2015 அக்டோபரில், சரிவிலேயே சாய்வாக ஏறும் ஒரு லிஃப்டைத் திறந்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரும், குழந்தை வண்டி தள்ளும் அம்மாவும், முழங்கால் வலிக்காரர்களும் இப்போது மேலே போகலாம். முழங்கால் வலிக்காரி என்ற முறையில் எனக்கு இது ரொம்பப் பிடித்தது. மாற்றியே ஆக வேண்டும் என்று வரும்போது, இருந்ததையே திரும்ப வைக்காமல், இத்தனை நாள் யாருக்கு இது உதவவில்லை என்று யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் மருமகப்பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி. சிட்னியின் வின்யார்ட் நிலையத்தில் 1930-களின் தொடக்கத்திலிருந்து மர எஸ்கலேட்டர்கள் ஓடின. அவற்றை எடுத்துவிட்டுப் புதியவை வைத்தபோது, பழைய மரப்படிகளைக் குப்பையில் போடவில்லை. கிறிஸ் ஃபாக்ஸ் என்ற கலைஞர் 244 மரப்படிகளை ஒரு பெரிய நாடாபோல முறுக்கி வளைத்து, புதிய எஸ்கலேட்டர்களுக்கு மேலே கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார். 2017 டிசம்பரில் திறந்தார்கள். அந்தப் பக்கம் போனால் அண்ணாந்து பாருங்கள், ஒரு போட்டோவும் அனுப்புங்கள். அழகான பழைய பொருளை மதிக்க அதைத் தலைக்கு மேலே வைக்கலாம், காலடியில் ஓடவிட வேண்டிய அவசியமில்லை.

முடிக்கும் முன் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரைக் குறை சொல்லிவிட்டு நான் மட்டும் தப்பிக்கக் கூடாது.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஓட்டுக் கட்டடம் ஒன்று இருந்தது. இரண்டாம் வகுப்பு அதில்தான் நடந்தது. உத்திரத்தில் கரையான். கட்டடத்தைப் பற்றி எழுதும் பதிவேட்டில் ஒவ்வொரு வருடமும் "சிறு பழுது" என்று எழுதுவோம். எழுதியது என் கைதான். "பெரிசா எழுதினா ஆயிரம் கேள்வி வரும் டீச்சர், சிறு பழுதுன்னே போடுங்க" என்றார்கள், நானும் போட்டேன். மூன்று வருடம். ஒரு ஐப்பசி மழையில், ஞாயிறு ராத்திரி, உத்திரத்தின் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. திங்கள் காலையில் போய்க் கதவைத் திறந்தால் முதல் வரிசைப் பெஞ்சு மேல் ஓடும் மண்ணும் கிடக்கின்றன. யாருக்கும் ஒன்றுமில்லை, அன்று ஞாயிறாக இருந்ததால். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் சிலர் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டும் இருக்கலாம். உங்களிடம் இதுவரை நான் சொன்னதில்லை. மன்னித்துவிடுங்கள்.

கிங்ஸ் கிராஸ் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு சொற்கள்தான் நினைவுக்கு வரும். அங்கே "புகைச்சல்". இங்கே "சிறு பழுது". இரண்டும் பொய் இல்லை. அன்றைய நிலையில் அது புகைச்சல்தான், அது சிறு பழுதுதான். ஆனால் அந்தச் சொல்லை எழுதியவுடன் நம் மனம் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறது. ஆபத்து தூங்குவதில்லை.

வீட்டில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். "லேசா கேஸ் வாடை அடிக்கும், ஜன்னலைத் திறந்தா போயிடும்" என்கிறோமா? "அந்த ஸ்விட்ச்ல சின்னதா பொறி வரும், பக்கத்துல இருக்கிறதைப் போடு" என்கிறோமா? அப்பா, அம்மா, "லேசா நெஞ்சைப் பிடிக்குது, வாயுதான்" என்கிறார்களா? அந்த "லேசா", "சின்னதா", "தான்" என்ற சொற்களை எடுத்துவிட்டு வாக்கியத்தை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கேஸ் வாடை அடிக்கிறது. பொறி வருகிறது. நெஞ்சைப் பிடிக்கிறது. இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

லண்டன் தம்பி, அந்தப் பலகைக்குப் பக்கத்தில் உள்ள நிலையான படியில் ஏறும்போது மூச்சு வாங்கினால் என்னைத் திட்டிக்கொள். பரவாயில்லை. உள்ளே ராத்திரி வேலை செய்கிறவர்களைத் திட்டாதே. யாருக்கும் எதுவும் ஆகாத போதே மாற்றுகிறார்கள். அதற்குத்தான் இத்தனை வருடம் ஆனது. கிங்ஸ் கிராஸ் பக்கம் போனால் அங்கே 31 பேருக்காக ஒரு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போ.

உங்கள் வீட்டிலோ, வேலை பார்க்கும் இடத்திலோ இப்படி ஏதாவது "சிறு பழுது" இருந்து, அதைச் சரிசெய்திருந்தால் கீழே எழுதுங்கள். இன்னும் சரிசெய்யவில்லை என்றால் எழுத வேண்டாம், எழுந்துபோய் முதலில் அதைப் பாருங்கள். எனக்குப் பதில் நாளைக்குப் போடலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்